உலர்ந்த வாசனை இலைகள்: அன்றாடச் சமையலில் எதை, எப்போது, எவ்வளவு சேர்ப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நாள்தோறும் சமைப்பவை எளிய உணவுகளே: வேகவைத்த பருப்பு, வதக்கிய காய்கள், உருளைக்கிழங்கு, முட்டை, சூப், சோறு. இவற்றுக்கு மணம் கூட்ட ஒவ்வொரு நாளும் பச்சைத் தழையை ஆய்ந்து, கழுவி, நறுக்குவதற்கு நேரம் வாய்ப்பதில்லை. ஒரு கட்டு வாங்கினால் அதில் பாதியைப் பயன்படுத்துவதற்குள் மீதி அழுகிவிடுகிறது. ஆகவே, உலர்ந்த தழைகளை வைத்தே அன்றாட உணவுக்குச் சுவை சேர்க்க முடியுமா என்று அறிய விரும்புகிறேன்.

ஆரிகனோ, தைம், ரோஸ்மேரி, பேசில், புதினா, கொத்தமல்லித்தழை, வெந்தயக்கீரை ஆகிய அனைத்தும் உலர்ந்த நிலையில் என்னிடம் உள்ளன. குப்பியைத் திறக்கும்போது பெரும்பாலானவை நன்றாகவே மணக்கின்றன. ஆனால் உணவில் சேர்த்த பிறகு சிலவற்றின் மணம் முற்றிலும் காணாமல் போகிறது, சில லேசாகக் கசக்கின்றன, சில காய்ந்த புல்லைத் தவிர வேறு எதையும் நினைவூட்டுவதில்லை. இவற்றுள் எவை உலர்ந்த நிலையிலும் தகுதியானவை, ஒவ்வொன்றையும் சமையலின் எந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும், பச்சைத் தழைக்கு ஈடாக எவ்வளவு எடுக்க வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும். வீட்டில் இருவர் உப்பைக் குறைத்து உண்கிறார்கள் என்பதால், அவர்களுடைய உணவு சப்பென்று இல்லாமல் இருக்க வழி உண்டா என்பதும் என் கேள்வியின் ஒரு பகுதி.

மறுமொழி 1

வணக்கம். உலர்ந்த தழையைப் பச்சைத் தழையின் மலிவான மாற்றாகக் கருதாமல், தனக்கென ஒரு குணமும் ஒரு நேரமும் உடைய வேறொரு பொருளாகக் கருதினால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாத் தழைகளும் உலர்வதை ஒரே விதமாகத் தாங்குவதில்லை. அதற்கான காரணம் இலையின் அமைப்பிலும், அதன் மணத்தை உண்டாக்கும் எண்ணெயின் தன்மையிலும் இருக்கிறது.

ஆரிகனோ, தைம், ரோஸ்மேரி, புதினா, பேசில் ஆகிய ஐந்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மண எண்ணெய், இலையின் மேற்பரப்பில் உள்ள மிக நுண்ணிய சுரப்பிகளில் அடைபட்டிருக்கிறது. இவற்றுள் முதல் மூன்றும் வறண்ட, வெயில் மிகுந்த நிலங்களில் வளரப் பழகியவை. இலை சிறியது, தடிப்பானது, நீர் குறைவானது. ஆகவே இலை உலர்ந்து சுருங்கினாலும் எண்ணெயில் கணிசமான பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆரிகனோவின் காரமான மணத்துக்குக் கார்வக்ரால் என்ற சேர்மமும், தைமின் மணத்துக்குத் தைமால் என்ற சேர்மமும் முதன்மையான காரணங்கள். ஓமத்தின் மணத்தைத் தருவதும் இதே தைமால்தான். கற்பூரவள்ளி இலையைக் கசக்கும்போது எழும் மணத்திலும் கார்வக்ரால் உண்டு. ஓமமும் கற்பூரவள்ளியும் அறிந்த மூக்குக்குத் தைமும் ஆரிகனோவும் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். ஆரிகனோவைப் பொறுத்தவரை, பச்சை இலையைவிட உலர்ந்த இலையே சிறந்தது என்று பலரும் கருதுகிறார்கள். நானும் அவர்களுள் ஒருவர்.

கொத்தமல்லித்தழை இதற்கு நேர் எதிரானது. அதன் மணத்துக்கு அடிப்படையான ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள் உலரும்போதே பெருமளவு மறைந்துவிடுகின்றன. எஞ்சுவது பச்சை நிறமும் நாரும் மட்டுமே. கொத்தமல்லியைப் போன்ற தோற்றமுடைய பார்ஸ்லி என்ற தழைக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். காய்ந்த புல்லைப் போன்ற சுவை என்று நீங்கள் குறிப்பிட்டது பெரும்பாலும் இவற்றிலிருந்து வந்திருக்கும். உங்களிடம் உள்ள உலர்ந்த கொத்தமல்லித்தழையை எந்த முறையில் சேர்த்தாலும் அதன் பழைய மணத்தைத் திரும்பப் பெற இயலாது. அந்த மணம் வேண்டுமென்றால் பச்சைத் தழை ஒன்றே வழி.

பேசில் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உலரும்போது அதன் புத்துணர்ச்சியான மேல்மணம் குறைகிறது. ஆனால் கிராம்பை நினைவூட்டும் ஓர் இனிய அடிமணம் தங்குகிறது. நெடுநேரம் கொதிக்கும் தக்காளிக் குழம்புகளில் அது நன்றாகவே பொருந்தும். பச்சைக் காய்க் கலவையின் மேல் தூவினால் ஏமாற்றமே மிஞ்சும்.

புதினா உலர்ந்தபின் குளிர்ச்சியும் ஆழமும் உடைய வேறொரு மணத்தைப் பெறுகிறது. அது குறைபாடு அன்று. தயிரில் கலந்தாலும், பருப்பு சூப்பில் இட்டாலும், வேகவைத்த கேரட்டுடன் சேர்த்தாலும் அது பச்சைப் புதினாவிடம் இல்லாத நிறைவைத் தருகிறது. வெந்தயக்கீரையோ உலர்ந்த பின்பே தன் முழு மணத்தையும் காட்டுவது. பச்சைக் கீரையின் கசப்பும் அதில் ஓரளவு தணிந்திருக்கும்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் முழுமையாக ஏற்கத்தக்கது. நான் நேரத்தையும் அளவையும் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் தகுதியான இலையும்கூடத் தவறான நேரத்தில் சேர்க்கப்பட்டால் தன் மணத்தைத் தராது.

இலையின் மண எண்ணெய் நீரைவிடக் கொழுப்பில் மிக எளிதாகக் கரைகிறது. ஆகவே உலர்ந்த தழையை நீர் கொதிக்கும் பாத்திரத்தில் நேரடியாகத் தூவுவதைவிட, வெங்காயம் வதங்கி முடியும் தறுவாயில் எண்ணெயிலோ வெண்ணெயிலோ சேர்த்து, மணம் எழும்பும் வரை சில நொடிகள் மட்டும் கிளறிவிட்டு, உடனே தக்காளியையோ நீரையோ ஊற்றுவது சிறந்தது. அந்தச் சில நொடிகள் மிக முக்கியமானவை. உலர்ந்த இலையில் நீர் இல்லாததால் அது விரைவில் கருகும். கருகிய இலை கசக்கும். நீங்கள் குறிப்பிட்ட கசப்புக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம், அளவு மிகுந்திருப்பது மற்றொரு காரணமாக இருக்கலாம்.

தைம், ரோஸ்மேரி, ஆரிகனோ ஆகிய உறுதியான இலைகளைச் சமையலின் தொடக்கத்திலோ இடையிலோ சேர்க்க வேண்டும். உலர்ந்த இலை நீரை உறிஞ்சி மென்மையாகி, மணத்தை வெளிவிட நேரம் தேவைப்படுகிறது. குறைந்தது பத்து முதல் இருபது நிமிடங்களாவது உணவுடன் சேர்ந்து அது வேக வேண்டும். புதினாவையும் வெந்தயக்கீரையையும் இறுதிக் கட்டத்தில், அடுப்பை அணைப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் சேர்க்கலாம். வெந்தயக்கீரையை வெறும் வாணலியில் மிகக் குறைந்த சூட்டில் சற்றே வெதுவெதுப்பாக்கி, உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்துப் பொடித்து இட்டால் அதன் மணம் பன்மடங்கு கூடும். சொல்லப்போனால், எந்த உலர்ந்த இலையையும் சேர்ப்பதற்கு முன் விரல்களால் நன்றாக நொறுக்குவதை ஒரு பழக்கமாகவே கொள்ளுங்கள். எண்ணெய் அடைபட்டிருக்கும் சுரப்பிகள் அப்போதுதான் உடைகின்றன. இதற்குச் செலவாகும் நேரம் மிகக் குறைவு, பலன் மிகப் பெரிது.

அளவைப் பொறுத்தவரை, பச்சைத் தழை மூன்று பங்கு என்றால் உலர்ந்த தழை ஒரு பங்கு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஒரு மேசைக்கரண்டி நறுக்கிய பச்சைத் தழைக்கு ஒரு தேக்கரண்டி உலர்ந்த தழை என்று இதை நினைவில் வைக்கலாம். பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி நீர் என்பதால், உலர்ந்ததும் அதே மணம் சிறிய அளவுக்குள் செறிந்துவிடுகிறது. மாவாகப் பொடித்த தழை என்றால் இன்னும் குறைத்து, அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகாமல் தொடங்குங்கள். ரோஸ்மேரிக்கு நான் இந்தக் கணக்கைக்கூட நம்புவதில்லை. நான்கு பேருக்கான உணவுக்குக் கால் தேக்கரண்டியில் தொடங்குவது நல்லது, ஏனெனில் அது மிகுந்தால் உணவு முழுவதும் கற்பூரம் கலந்ததுபோல் ஆகிவிடும். அதன் இலைகள் ஊசிபோல் கடினமானவை என்பதால், அவற்றை இடித்தோ பொடித்தோ சேர்க்க வேண்டும். அல்லது ஒரு மெல்லிய துணியில் முடிந்து குழம்பில் இட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடலாம்.

அன்றாட உணவுகளுக்குச் சில சேர்க்கைகளையும் குறிப்பிடுகிறேன். உருளைக்கிழங்கை எண்ணெய், உப்பு, பொடித்த ரோஸ்மேரி ஆகியவற்றோடு பிரட்டி ஓவனில் சுட்டால், வேறு எதுவும் தேவைப்படாது. காளானும் தைமும் மிக நெருக்கமான இணை. காளானில் இருந்து வெளிவரும் நீர் வற்றத் தொடங்கும்போது தைமைச் சேர்த்தால் அந்த நீரிலேயே இலை ஊறி மென்மையாகும். தக்காளி, கத்தரிக்காய், குடைமிளகாய் ஆகியவற்றுக்கு ஆரிகனோ. முட்டைக்குத் தழையை நேரடியாகத் தூவாமல், அடித்த முட்டையில் கலந்து ஐந்து நிமிடங்கள் வைத்துவிட்டுப் பிறகு வாணலியில் ஊற்றுங்கள். இலை ஊறிவிடுவதால் பல்லில் உறுத்தாது. வெறும் சோற்றுக்கும் இது பொருந்தும்: அரிசியை வேகவைக்கும் நீரிலேயே சிறிது வெண்ணெயும் அரைத் தேக்கரண்டி தைமும் இட்டால், சோறு முழுவதும் மணம் சீராகப் பரவும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கொத்தமல்லித்தழையைப் பற்றிய விளக்கம் என் குழப்பத்தைத் தீர்த்தது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தயிர், காய்க் கலவை போன்ற, அடுப்பில் ஏறாத உணவுகளில் உலர்ந்த தழையைச் சேர்க்க வழி உண்டா? மேலும், பச்சைத் தழை மலிவாகக் கிடைக்கும் காலத்தில் வீட்டிலேயே உலர்த்திச் சேமிக்க எண்ணுகிறேன். அதற்கு எந்த முறை ஏற்றது, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

மறுமொழி 3

வணக்கம். உலர்த்துதல், சேமித்தல் ஆகிய இரண்டையும் நான் பல ஆண்டுகளாக வீட்டில் செய்துவருகிறேன் என்பதால் அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் வளர்க்கும் செடியானால், பூ மொட்டுகள் விரியத் தொடங்குவதற்குச் சற்று முன்பு பறிப்பது நல்லது, ஏனெனில் இலைகளில் மண எண்ணெய் அப்போது மிகுதியாக இருக்கும். காலையில் பனி ஈரம் உலர்ந்த பின், வெயில் ஏறுவதற்கு முன் பறித்துக் கழுவி, ஒட்டியிருக்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தைம், ஆரிகனோ, ரோஸ்மேரி ஆகியவற்றைச் சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டாலே போதும். கட்டுப் பெரிதானால் நடுவில் உள்ள இலைகள் உலராமல் பூசணம் பிடிக்கும். புதினா, பேசில் போன்ற நீர் மிகுந்த இலைகளுக்குக் காற்றில் ஈரப்பதம் கூடுதலாக உள்ள நாட்களில் இந்த முறை ஏற்றதன்று. அவற்றைக் காம்பிலிருந்து உருவி, ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு தட்டில் பரப்பி விரைவாக உலர்த்த வேண்டும். நேரடி வெயிலில் பரப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயில் பச்சை நிறத்தை வெளுக்கச் செய்வதோடு, எந்த எண்ணெய்க்காக இத்தனையும் செய்கிறோமோ அதையே ஆவியாக்கிவிடும்.

உலர்த்தும் கருவி இருந்தால் 35 முதல் 46 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் இத்தழைகளுக்கு உகந்தது. பெரும்பாலான ஓவன்களின் மிகக் குறைந்த நிலைகூட இதைவிடச் சூடானது என்பதால், ஓவனில் உலர்த்திய தழை பெரும்பாலும் மணம் குன்றியே கிடைக்கும். சிறிய அளவானால் மைக்ரோவேவ் வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது. இரண்டு காகிதத் துவாலைகளுக்கு இடையே இலைகளை ஓர் அடுக்காக வைத்து, முதலில் ஒரு நிமிடமும், பிறகு இருபது முப்பது நொடிகளாகவும் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அருகிலேயே நின்று கவனியுங்கள். அளவு மீறினால் காகிதமும் இலையும் தீப்பற்றக்கூடும். விரலால் தொட்டவுடன் இலை நொறுங்கி, காம்பை வளைத்தால் முறிகிற நிலையே சரியான பதம்.

குப்பியில் இட்ட முதல் சில நாட்கள் கண்ணாடியின் உட்புறத்தைக் கவனித்துவாருங்கள். அங்கே நீர்த்துளி பூத்தால் இலை முழுமையாக உலரவில்லை என்று பொருள். உடனே எடுத்து மீண்டும் உலர்த்த வேண்டும். இலையை முழுதாகவே சேமித்து, பயன்படுத்தும்போது மட்டும் நொறுக்குங்கள். முழு இலை ஓராண்டு வரை மணம் தரும். நொறுக்கியது அதற்கு முன்பே தளர்ந்துவிடும். பழைய குப்பியில் தழை இன்னும் தகுதியோடு இருக்கிறதா என்று அறிய, ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் நொறுக்கி முகர்ந்து பார்ப்பதே நம்பகமான சோதனை. அப்போது மணம் எழாவிட்டால், உணவிலும் எழாது. நிறம் பழுப்பாக மாறியிருப்பதும் ஓர் அறிகுறி.

அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி கைக்கு எட்டும் வசதியான இடமாகத் தோன்றினாலும், தழைகளுக்கு அதைவிடக் கேடான இடம் சமையலறையில் இல்லை. வெப்பம், ஒளி, நீராவி மூன்றும் அங்கே சேர்ந்து தாக்குகின்றன. ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் குப்பியைக் கவிழ்த்துத் தூவுவதையும் தவிர்க்க வேண்டும். ஆவி உள்ளே புகுந்து எஞ்சியுள்ள தழையைக் கட்டியாக்கிவிடும். கையிலோ கரண்டியிலோ எடுத்து, தள்ளி நின்று சேருங்கள்.

இனி, அடுப்பில் ஏறாத உணவுகள். இவற்றில் உலர்ந்த தழையை அப்படியே தூவாமல், முதலில் ஊறவைக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வெதுவெதுப்பான எண்ணெயில் ஒரு தேக்கரண்டி ஆரிகனோவையோ புதினாவையோ பதினைந்து நிமிடங்கள் ஊறவிட்டு, அந்தச் சாற்றோடு சேர்த்தே காய்க் கலவையில் ஊற்றுங்கள். தயிருக்கு இன்னும் எளிய வழி உண்டு: பொடித்த புதினாவைக் கலந்து அரை மணி நேரமாவது குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். தயிரில் உள்ள கொழுப்பும் நீரும் மணத்தை மெல்ல ஈர்த்துக்கொள்ளும். கலந்தவுடன் உண்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். உலர்த்துதல் நுண்ணுயிரிகளின் பெருக்கத்தைத் தடுக்கிறதே அன்றி, அனைத்தையும் கொன்றுவிடுவதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குச் சமைக்கும்போது, தழையை முதலில் சூடான எண்ணெயிலோ கொதிக்கும் குழம்பிலோ சேர்த்து வேகவைப்பதே பாதுகாப்பானது. அதேபோல, பச்சைத் தழையை எண்ணெயில் மூழ்கவைத்து அறை வெப்பத்தில் நாட்கணக்கில் வைக்கவே கூடாது. பச்சை இலையில் உள்ள ஈரமும், எண்ணெயினுள் காற்று இல்லாத நிலையும் சேர்ந்து, கொடிய நச்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமி வளர இடம் தந்துவிடும்.

மறுமொழி 2 எழுதியவர்

உப்பைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை தரவில்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன். வயது வந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி மட்டுமே. ரொட்டி, ஊறுகாய், பாலாடைக்கட்டி ஆகியவற்றில் ஏற்கனவே கலந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும்.

எந்தத் தழையும் உப்புச் சுவையைத் தராது. அப்படி எதிர்பார்ப்பது சரியன்று. ஆனால் உப்பு குறையும்போது நாக்கு உணரும் வெறுமையை மணத்தாலும் புளிப்பாலும் நிரப்ப முடியும். ஆகவே தழையைத் தனியாகச் சேர்க்காமல், பரிமாறும் முன் சில துளி எலுமிச்சைச் சாறு, அல்லது வதக்கிய பூண்டு, அல்லது புதிதாகப் பொடித்த மிளகு இவற்றுள் ஒன்றோடு இணைத்துப் பாருங்கள். பருப்பில் வழக்கமான உப்பில் பாதி மட்டும் இட்டு, எண்ணெயில் பூண்டும் தைமும் தாளித்துக் கொட்டி, இறுதியில் எலுமிச்சை பிழிந்தால், உப்பின் குறை பெரிதாகத் தெரிவதில்லை. உப்பை ஒரேயடியாகக் குறைக்காமல், சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பதும் நாக்கு பழகிக்கொள்ள உதவும். கடைகளில் கிடைக்கும் தழைக் கலவைகளில் சிலவற்றில் உப்பே முதன்மைப் பொருளாக இருப்பதால், வாங்கும்போது உறையில் உள்ள பொருட்பட்டியலைப் படிப்பது அவசியம். இரண்டு பங்கு ஆரிகனோ, இரண்டு பங்கு பேசில், ஒரு பங்கு தைம், அரைப் பங்கு பொடித்த ரோஸ்மேரி என்று நீங்களே கலந்து வைத்துக்கொண்டால் அந்தக் கவலையே இராது.

மறுமொழி 4

சுருக்கமாக ஒரு குறிப்பு. உலர்ந்த பேசில், தைம், பார்ஸ்லி போன்றவற்றில், இரத்தம் உறைவதற்கு உதவும் வைட்டமின் கே செறிவாக உள்ளது. சமையலில் இடும் சிட்டிகை அளவு யாருக்கும் கவலை தரக்கூடியதன்று. எனினும், இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் மருந்து உட்கொள்பவர் வீட்டில் இருந்தால், தழையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் சீராக வைத்திருப்பதும், மருத்துவரிடம் இதைத் தெரிவிப்பதும் நல்லது. உப்பைக் குறைத்து உண்பவர்களுள் இம்மருந்து எடுத்துக்கொள்பவர்களும் இருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கேட்டவர்

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் வார்ஃபரின் எடுப்பவர் யாரும் இல்லை, ஆனாலும் அந்தக் குறிப்பு இதைப் படிக்கும் வேறொருவருக்கு நிச்சயம் பயன்படும். ஒரே ஒரு சிறு ஐயம்: என்னிடம் உள்ள உலர்ந்த கொத்தமல்லித்தழையை வீசிவிடுவதைத் தவிர வேறு வழியில்லையா?

மறுமொழி 1 எழுதியவர்

அதில் சிறிதளவாவது மணம் எஞ்சியிருந்தால், பச்சைத் தழை ஒரு கைப்பிடி கிடைக்கும் நாளில் இரண்டையும் ஒன்றாக வைத்து நறுக்குங்கள். பச்சைத் தழையின் ஈரம் உலர்ந்த இலையை மென்மையாக்கும். மணத்தைப் பச்சைத் தழை பார்த்துக்கொள்ளும். ரொட்டி மாவில் பிசைந்து சேர்த்தால் நிறத்துக்கும் உதவும். முகர்ந்து பார்த்து மணம் சிறிதும் இல்லையென்றால், தயங்காமல் செடிக்கு உரமாகப் போட்டுவிட்டு, அந்தக் குப்பியில் புதினாவையோ வெந்தயக்கீரையையோ நிரப்பிக்கொள்ளுங்கள்.